"வாசல்ல கோலம் இல்லைன்னா சும்மா இருக்க முடியுமா?" - நம் உடம்புக்குள்ளும் இருக்கிறார் ஒரு பக்கத்து வீட்டு அக்கா!

போன மார்கழியில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு ஜேடர்பாளையத்திலிருந்து அம்மாவுக்கு போன் வந்தது. அம்மாயி பொடக்காலியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிடவும் குரல் வரவில்லை. வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுக்கப் போனவர், இருட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

கதவைத் தட்டி, திறக்காததால் பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தவர் பக்கத்து வீட்டு அக்கா. 'நேரத்தோடு கொண்டு வந்தீர்கள்' என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து, அம்மாயி இப்போது கைத்தடியுடன் நடக்கிறார்.

காவிரிக் கரையில், பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் ஜேடர்பாளையம். வெளியூர்க்காரர்களுக்குத் தடுப்பணை, பூங்கா, மீன் வறுவல் என்று ஞாபகம் வரும். எனக்கு அம்மாயி வீட்டு வாசல்தான் ஞாபகம் வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அக்காவிடம், "உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்ல கண்ணு. விடிஞ்சும் வாசல் தெளிக்காம, கோலம் இல்லாம கெடந்துச்சு. மாடு வேற பால் கறக்காமக் கத்திட்டே இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்தா சும்மா இருக்க முடியுமா?"

அந்த வாரம்தான் நான் 'என்.கே. செல்கள்' பற்றி ஒரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனை முறை படித்தும் பிடிபடாத ஒரு விஷயம், அக்கா சொன்ன அந்த இரண்டு வரியில் புரிந்துவிட்டது. உங்களுக்கும் அதை அப்படியே சொல்கிறேன்.

ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வாசல்

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. உட்கரு உள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாமே தம் மேற்பரப்பில் ஒருவகைப் புரத மூலக்கூறுகளை நிறுத்தி வைத்திருக்கின்றன. பொதுவாக இவற்றுக்கு 'எம்.ஹெச்.சி. முதல் வகை' என்று பெயர். மனிதர்களிடம் இருப்பவற்றை 'ஹெச்.எல்.ஏ.' என்பார்கள். இதுதான் செல் தன் வாசலில் போடும் கோலம்.

மார்கழியில் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைப்போம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு ஹெச்.எல்.ஏ. மூலக்கூறும், செல்லின் உள்ளே தயாராகும் புரதத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து நடுவில் வைத்துக் காட்டும். பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டு. 'என் வீட்டுக்குள் என்ன நடக்கிறது, நீயே பார்த்துக்கொள்' என்று தெருவுக்குக் காட்டுகிற மாதிரி.

ரத்தத்தில் ரோந்து வரும் 'டி செல்கள்' அந்தப் பூவைத்தான் உற்றுப் பார்க்கும். வழக்கமான பூவாக இருந்தால் நகர்ந்துவிடும். வைரஸின் புரதத் துண்டு தெரிந்தால், 'உள்ளே திருடன் புகுந்துவிட்டான்' என்று புரிந்துகொண்டு அந்தச் செல்லை அழிக்கும்.

அப்படியானால் புத்திசாலித் திருடன் என்ன செய்வான்? கோலத்தையே அழித்துவிடுவான். கோலமே இல்லையென்றால் பூவும் இல்லை. டி செல்லுக்கு எதுவும் தெரியாது. பல வைரஸ்கள் இதைச் செய்கின்றன. பல புற்றுநோய் செல்களும் இப்படித் தங்கள் ஹெச்.எல்.ஏ. மூலக்கூறுகளைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கின்றன.

அந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா வருகிறார்.

இருப்பதைத் தேடாமல் இல்லாததைத் தேடும் காவல்

'நேச்சுரல் கில்லர்', தமிழில் 'இயற்கைக் கொல்லி' செல்கள். சுருக்கமாக என்.கே. செல்கள். ரத்தத்தில் சுற்றும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களில் சுமார் 5 முதல் 15 சதவிகிதம் இவை.

1975-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்டில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மேன் குழுவினரும் இவற்றைப் பற்றி எழுதினார்கள். முன்பின் பார்த்திராத புற்றுநோய் செல்லையும், எந்தப் பயிற்சியும் தடுப்பூசியும் இல்லாமல் இவை கொன்றன. அதனால்தான் 'இயற்கை' என்ற அடைமொழி.

கொல்கின்றன, சரி. ஆனால் எதைக் கொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது எப்படித் தெரிகிறது? எதிரியின் அடையாளம் ஏதாவது இருக்கும் என்று பலரும் தேடினார்கள். அதே கரோலின்ஸ்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த க்ளாஸ் கார்ரே கேள்வியைத் திருப்பிப் போட்டார். இந்தச் செல்கள் எதிரியின் அடையாளத்தையே தேடவில்லை, நம்முடைய அடையாளம் காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கின்றன என்றால்?

1986-ல் அவரும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. எலிகளின் புற்றுநோய் செல்களில் இரண்டு ரகம் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றின் மேற்பரப்பில் எம்.ஹெச்.சி. இருந்தது, மற்றொன்றில் அது ஏறக்குறைய இல்லை. கோலம் இருந்த புற்றுநோய் எலிகளின் உடலில் வளர்ந்தது. கோலம் தொலைத்ததை எலிகளின் உடல் விரட்டியடித்தது. 'மிஸ்ஸிங் செல்ஃப்', அதாவது 'காணாமல் போன தன்னடையாளம்' என்ற பெயரில் இந்தக் கருத்து இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

1992-ல் அமெரிக்காவில் வெய்ன் யோகோயாமா குழு, எலியின் என்.கே. செல்லில் எம்.ஹெச்.சி.யைத் தொட்டுப் பார்த்து 'விட்டுவிடு' என்று கட்டளை பெறும் ஏற்பியைக் கண்டுபிடித்தது. மனிதர்களிடம் அதே வேலையைச் செய்யும் ஏற்பிகளை இத்தாலியின் மொரெட்டா சகோதரர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள்.

எல்லாவற்றின் சாரம் இதுதான். என்.கே. செல் கொலைக்குத் தயாராகவே தெருவில் வரும். ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பார்க்கும். வாசலில் இருக்கும் அந்தக் கோலம்தான் அதன் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

மாடும் கத்த வேண்டும்!

ஒரு சந்தேகம் வரும். நம் ரத்தச் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. கோலமும் ஏறக்குறைய இல்லை. அவற்றை ஏன் என்.கே. செல்கள் கொல்வதில்லை?

அக்கா சொன்னதைத் திரும்பப் படியுங்கள். 'ரெண்டும் சேர்ந்தா'. துக்க வீட்டு வாசலில் நாள்கணக்கில் கோலம் இருக்காது. அதற்காக யாரும் கதவை உடைப்பதில்லை. கோலமும் இல்லை, மாடும் கத்துகிறது என்றால்தான் ஓடி வருவார்கள்.

வைரஸ் தாக்கினாலோ, டி.என்.ஏ. சேதமடைந்தாலோ, செல் ஒருவகை நெருக்கடிக்கு ஆளாகும். அப்போது சாதாரணமாக இல்லாத சில மூலக்கூறுகள் அதன் மேற்பரப்பில் முளைக்கும். 'மிக்-ஏ', 'மிக்-பி' என்பவை அவற்றில் சில. இவற்றைக் கண்டுகொள்ளும் தனி ஏற்பி என்.கே. செல்லில் இருக்கிறது. இதுதான் மாடு கத்தும் சத்தம். 'விடு' என்ற சமிக்ஞையும் 'அடி' என்ற சமிக்ஞையும் தராசின் இரு தட்டுகள். எது கனக்கிறதோ அதன்படி முடிவு.

முடிவு 'அடி' என்றால், என்.கே. செல் அந்தச் செல்லோடு ஒட்டிக்கொண்டு பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற புரதங்களைப் பாய்ச்சும். பெர்ஃபோரின் ஓட்டை போடும். கிரான்சைம் உள்ளே போய் அந்தச் செல்லைத் தற்கொலை செய்துகொள்ள வைக்கும். இங்கே மட்டும்தான் என் உவமை உதைக்கிறது. அக்கா உள்ளே இருப்பவரைக் காப்பாற்றப் போனார். என்.கே. செல்லோ அந்த வீட்டை இடித்துத் தெருவைக் காப்பாற்றுகிறது.

இன்னொன்று. தினமும் பார்க்கிற வாசல் என்பதால்தான் அக்காவுக்கு மாற்றம் தெரிந்தது. அசலூர்க்காரர் கடந்து போயிருப்பார். என்.கே. செல்களும் வளரும் காலத்தில் நம் சொந்தக் கோலத்தைப் பார்த்துப் பழகுகின்றன. அப்படிப் பழகியவையே முழு வலுவோடு வேலை செய்கின்றன. பிறவியிலேயே ஹெச்.எல்.ஏ. முதல் வகை மிகக் குறைவாக உள்ள அரிதான சிலரிடம் என்.கே. செல்கள் மந்தமாகவே இருக்கின்றன. அதனால்தான் அவை அவர்களின் உடலையே சூறையாடிவிடுவதில்லை.

நாமக்கல் கோழிக்குள் நடக்கும் அதே சண்டை

இதெல்லாம் வெளிநாட்டு ஆய்வகக் கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் நாமக்கல் மாவட்டத்தின் கோழிப்பண்ணைகளில் நாள்தோறும் இந்தச் சண்டைதான் நடக்கிறது.

முட்டைக்கோழிக் குஞ்சு பொரித்த அன்றே, பொரிப்பகத்திலேயே அதன் கழுத்துத் தோலுக்கு அடியில் ஓர் ஊசி போடுவார்கள். 'மேரக்ஸ்' நோய்க்கான தடுப்பூசி அது. ஹங்கேரி கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907-ல் முதலில் விவரித்த நோய் இது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு கோழி முடங்கிவிடும். உள்ளுறுப்புகளில் கட்டிகள் வரும். காரணம் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். மனிதர்களுக்கு இந்த நோய் வராது. முட்டை, கறி சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

இந்த வைரஸ் கோழியின் செல்லுக்குள் பெருகும்போது, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் எம்.ஹெச்.சி. மூலக்கூறுகளைக் குறைத்துவிடுகிறது என்று 2001-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோலத்தை அழிக்கும் அதே திருட்டு. நோயை எதிர்க்கும் கோழி இனங்களிலும் தடுப்பூசி போட்ட கோழிகளிலும் வைரஸ் வந்ததும் என்.கே. செல்களின் வேகம் கூடுகிறது, நோய்க்கு எளிதில் ஆளாகும் இனங்களில் அது குறைகிறது என்பது 1981-லேயே பதிவாகியிருக்கிறது. எந்தக் கோழி தாக்குப்பிடிக்கும் என்பதும் பெருமளவு அதன் எம்.ஹெச்.சி. வகையைப் பொறுத்தது. 'பி-21' என்ற வகை உள்ள கோழிகள் நன்றாகவே எதிர்த்து நிற்கும்.

வான்கோழியிலிருந்து எடுத்த ஆபத்தில்லாத வைரஸைக் கொண்டு 1970-களின் தொடக்கத்தில் வந்த தடுப்பூசி, எந்த உயிரினத்திலும் ஒரு புற்றுநோயைப் பரவலாகத் தடுத்த முதல் தடுப்பூசிகளில் ஒன்று. நாம் சாப்பிடும் முட்டைக்குப் பின்னால் இப்படி ஒரு கதையும் இருக்கிறது.

ஸ்டிக்கர் கோலம் ஒட்டும் வைரஸ்

அம்மாயி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் குனிய முடியவில்லை. அம்மா ஒரு ஸ்டிக்கர் கோலம் வாங்கி வந்தார். அக்கா விடவில்லை. "அதை ஒட்டிட்டீங்கன்னா உள்ள என்ன ஆனாலும் வாசல் லட்சணமாத்தான் இருக்கும். எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இந்த ஸ்டிக்கர் வித்தை ஒரு வைரஸுக்கும் தெரியும். பெயர் சைட்டோமெகலோ வைரஸ். நம் நாட்டில் பெரும்பாலான பெரியவர்களின் உடலில் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருப்பது. ஆரோக்கியமானவர்களை ஒன்றும் செய்யாது. கருவிலிருக்கும் குழந்தைக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும்தான் ஆபத்து. டி செல்லிடமிருந்து தப்ப, இது முதலில் ஹெச்.எல்.ஏ. மூலக்கூறுகளை அழிக்கிறது. அழித்தால் என்.கே. செல் கதவைத் தட்டும் அல்லவா? அதற்காக 'ஹெச்.எல்.ஏ.-ஈ' என்ற ஒரே ஒரு வகையை மட்டும் மேற்பரப்பில் நிறுத்தி வைக்கத் தேவையான புரதத் துண்டைத் தானே தயாரித்துக் கொடுக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வாசல் லட்சணமாக இருக்கும்.

உடம்பும் லேசுப்பட்டதல்ல. என்.கே. செல்களில் ஒரு பிரிவு, அதே ஹெச்.எல்.ஏ.-ஈயைப் பார்த்ததும் 'அடி' என்று பொருள் கொள்ளும் வேறோர் ஏற்பியை வைத்திருக்கிறது. இந்த வைரஸ் தொற்றியவர்களின் உடலில் அந்தப் பிரிவு பெருகி நிற்பதைப் பார்க்க முடிகிறது.

ஸ்டிக்கர் எப்போதும் கெட்டது என்றும் சொல்ல முடியாது. தாயின் கருப்பையில் நஞ்சுக்கொடி அமையும்போது, குழந்தையின் செல்கள் தாயின் திசுவுக்குள் நுழைகின்றன. அவற்றில் பாதி அடையாளம் அப்பாவுடையது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் வெள்ளணுக்களில் பெரும்பங்கு என்.கே. செல்கள். ஆனாலும் அவை தாக்குவதில்லை. நுழையும் செல்கள் வழக்கமான ஹெச்.எல்.ஏ.-ஏ, பி வகைகளை விட்டுவிட்டு, ஹெச்.எல்.ஏ.-ஜி, ஈ, சி வகைகளை அணிந்து வருகின்றன. கருப்பையின் என்.கே. செல்களோ கொல்வதற்குப் பதிலாக, குழந்தைக்கு ரத்தம் போகும் குழாய்களை அகலப்படுத்த உதவுகின்றன.

பாதிப் பொருத்தம் போதுமா?

இந்த அறிவு உயிர் காக்கும் இடம் ரத்தப் புற்றுநோய் வார்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. அங்கே நோயாளியின் குடும்பம் அதிகம் கேட்கும் வார்த்தை 'ஹெச்.எல்.ஏ. பொருத்தம்'. நம் வாசல் கோலமும் கொடையாளியின் கோலமும் ஒன்றா என்ற சோதனை. உடன்பிறந்த ஒருவரோடு முழுமையாகப் பொருந்த 25 சதவிகித வாய்ப்புதான். அம்மா, அப்பா, பிள்ளைகளோடு பாதிதான் பொருந்தும்.

முன்பெல்லாம் பாதிப் பொருத்தம் என்றாலே கைவிரித்துவிடுவார்கள். இன்று மருந்துகளும் முறைகளும் முன்னேறிவிட்டதால், நம் நாட்டிலும் பாதிப் பொருத்த மாற்றுகள் நடக்கின்றன. இதில் ஒரு திருப்பத்தை 2002-ல் இத்தாலியின் பெரூஜியா நகர ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கொடையாளியின் என்.கே. செல் தன் ஊர்க் கோலத்தைத் தேடி வருகிறது. நோயாளியின் புற்றுநோய் செல்லில் அந்த வகைக் கோலம் இல்லை. உடனே தாக்குகிறது! ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோயில், இப்படிக் கோலம் ஒத்துப்போகாத ஜோடிகளில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்திருந்தது. நோயாளியின் மற்ற உறுப்புகளை அந்தச் செல்கள் பெரிதாகத் தாக்கவும் இல்லை. அங்கே மாடு கத்தவில்லையே! பின்னால் வேறு முறைகளில் நடந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவு பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாருக்கு எது சரி என்பதை நோயாளியின் மருத்துவக் குழுதான் முடிவு செய்யும்.

குடும்பத்தில் பொருத்தமில்லாதவர்களுக்கு, முகம் தெரியாத கொடையாளிகளைத் தேடித்தரும் பதிவேடுகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து 2009 முதல் இயங்கும் 'தாத்ரி' அவற்றில் ஒன்று. ஹெச்.எல்.ஏ. வகைகள் வம்சாவளிக்கு வம்சாவளி மாறும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனின் குழு தமிழக மக்களிடையே பல ஆண்டுகள் இதை ஆராய்ந்திருக்கிறது. ஆகவே ஒரு தமிழ் நோயாளிக்குப் பொருந்தக்கூடியவர் இன்னொரு தமிழராக இருக்கவே வாய்ப்பு அதிகம். பதிவு செய்ய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். இந்தக் கட்டுரைக்காகப் படித்த பிறகு நானும் கொடுத்தேன். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

'என்.கே. பூஸ்டர்' வாங்கலாமா?

செல்போனில் தேடிப் பாருங்கள். 'உங்கள் என்.கே. செல்களைப் பல மடங்கு பெருக்கும்' என்று பவுடரும் மாத்திரையும் விற்கிறார்கள். இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு இப்போது தெரியும். என்.கே. செல்களின் வெற்றி எண்ணிக்கையில் மட்டும் இல்லை. எதை விட வேண்டும், எதை அடிக்க வேண்டும் என்ற கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பவுடர் கற்றுக்கொடுக்காது.

அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆன பெண்களிடம் 'ரத்தத்தில் என்.கே. செல் அதிகம், அதுதான் காரணம்' என்று சொல்லப்படுவதும் உண்டு. ரத்தத்தில் இருக்கும் என்.கே. செல்லும் கருப்பையில் இருக்கும் என்.கே. செல்லும் குணத்தில் வேறு வேறு. இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்பதே ஐரோப்பிய மகப்பேறு வழிகாட்டுதலின் நிலை. பெரிய தொகை செலவழிக்கும் முன் இரண்டாவது மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உண்மையான என்.கே. சிகிச்சைகள் ஆய்வு நிலையில் வளர்ந்து வருகின்றன. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்து மரபணு மாற்றிய என்.கே. செல்களை 11 ரத்தப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தியதில் 8 பேருக்குப் பலன் கிடைத்ததாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. எண்ணிக்கை சிறியது, ஆனால் நல்ல தொடக்கம்.

போன வாரம் ஜேடர்பாளையம் போயிருந்தேன். அம்மா வாங்கிய ஸ்டிக்கர் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. அம்மாயி திண்ணையில் உட்கார்ந்தபடியே கையெட்டும் தூரத்தில் நாலு புள்ளி வைத்து, ஒரு சுழி சுழித்து விடுகிறார். கோணல்மாணலாகத்தான் இருக்கிறது.

ஆறு மணிக்கு எதிர் வாசலைத் தெளிக்க வந்த அக்கா, நிமிர்ந்து அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.